வர முடியாத தேதிகள்

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. நான் இங்கே நலம் என்று முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சர்க்கரை கூடவும் இல்லை குறையவும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உள்ளே இருக்கிற ஆளும் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். தாயாகப் போகிறவளை இன்னும் வாலு என்று கூப்பிடுகிறாரே என்று நினைக்காதே, வேறு பெயர் எனக்கு வாயில் வரவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ எது சொன்னாலும் சரிம்மா சரிம்மா என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வருவதில்லை, வைத்த பிறகு நீ என்ன சொன்னாய் என்பதும் நிற்பதில்லை. எழுத உட்கார்ந்தால் கையாவது ஓடுகிறது. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகியது, குழாய்க்காரர் இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் இப்ப சரியாயிடுச்சு சார் என்று சொல்லிவிட்டுப் போனார், கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன், அதுவும் பழகிவிட்டது. உன் அத்தை தினமும் போன் பண்ணி என்னடா சாப்பிட்டே என்று கேட்கிறாள், நான் தினமும் ரொட்டியும் முட்டையும் என்கிறேன், ஏண்டா உனக்கு நாக்கு செத்துப்போச்சா என்று திட்டுகிறாள். திட்டட்டும், அவளுக்கும் பொழுது போக வேண்டுமே. அம்மா போன பிறகு அவள் துணி அலமாரியை நான் இன்னும் திறக்கவில்லை. மனசு தாங்காமல் திறக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. திறக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எல்லாமே அப்படித்தான் இருக்கிறது.

பீம் டைம் விஷயமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். இதை மாப்பிள்ளையும் படிப்பார், அதனால் உனக்குத் தெரிந்ததையே அவருக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், பொறுத்துக்கொள். அவர் பல் டாக்டர், எக்ஸ்ரே தெரிந்தவர், அதனால் சுலபம். எங்கள் கூட்டு ஆய்வுக்கூடத்தில் விளையாட்டு மைதானம் அளவுக்கு ஒரு வளையம் இருக்கிறது, அதில் எலக்ட்ரானைச் சுற்றவிட்டால் பல் டாக்டர் எடுப்பதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு பிரகாசமாக எக்ஸ்ரே வரும். அது தனி ஒருவர் சொத்து இல்லை, பல நாட்டு ஆட்களுக்கும் பொது. அதில் சில நாள் வேலை செய்ய இடம் கொடுங்கள் என்று எல்லாரும் வருஷத்துக்கு இரண்டு தடவை விண்ணப்பம் போடுவோம், ஒரு குழு உட்கார்ந்து படித்து, முக்கால்வாசிப் பேரை வேண்டாம் என்று சொல்லும். கிடைக்கிற நேரத்துக்குப் பேர்தான் பீம் டைம். நாங்கள் கேட்டது சிமெண்டுக்கு. சிமெண்டில் தண்ணீர் ஊற்றின முதல் சில மணி நேரம் உள்ளே என்ன நடக்கிறது, குழைவாக இருந்தது எந்த இடத்தில் இறுக ஆரம்பிக்கிறது என்பதை நடக்கும்போதே பார்க்க வேண்டும். மூன்று தடவை மறுத்துவிட்டார்கள். ஒரு தடவை யோசனை நல்லது, எழுத்து தெளிவில்லை என்றார்கள். அடுத்த தடவை எழுத்து தெளிவு, யோசனை பழசு என்றார்கள். மூன்றாம் தடவை காரணமே சொல்லவில்லை. அன்றைக்கு அம்மா, இவங்களுக்கு வீடு கட்டிப் பார்த்தாத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுத் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அந்த விண்ணப்பத்தின் கடைசியில் வர முடியாத தேதிகள் என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் தொழிலில் மற்ற பக்கங்களை அவசரமாக எழுதினாலும் இந்தக் கட்டத்தை மட்டும் யாரும் அவசரமாக எழுத மாட்டோம், ஏனென்றால் ஒதுக்கின நாள் ஒதுக்கினதுதான், அப்புறம் தலைகீழாக நின்றாலும் மாறாது. நம் வீட்டில் அதை நிரப்புவது அம்மா. நான் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்காருவேன், அவள் காய் நறுக்கிக்கொண்டே தேதிகளைச் சொல்வாள். உன் பரீட்சை, அத்தையின் கண் ஆபரேஷன், வீட்டுக்காரர் வெள்ளையடிக்க வருகிற வாரம். ஒரு தடவை ஒரு தேதியைச் சொல்லி, எதுக்குன்னு கேட்காதீங்க, போடுங்க என்றாள், போட்டேன். அந்த நாள் வந்ததும் பார்த்தால் ஒன்றுமே இல்லை, சும்மா ரெண்டு பேரும் வீட்டில் இருக்கலாம்னுதான் என்றாள். நாலாம் தடவை விண்ணப்பத்துக்குக் கெடு முடிகிற வாரம், அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. சின்ன டாக்டர்தான் முக்கால்வாசி எழுதினாள். உனக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு வேலை செய்கிற பெண், டாக்டர் பட்டம் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகியும் எங்களுக்கு அவள் சின்ன டாக்டர்தான். என் பேரில் போகிற விண்ணப்பம் என்பதால் அந்தக் கடைசிக் கட்டத்தை எனக்காக விட்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். வர முடியாத நாள் என்று எனக்கு ஒன்றும் தென்படவில்லை. காலியாகவே அனுப்பிவிட்டேன். அந்த வாரம்தான் நீ போன் பண்ணி, அப்பா, நான் முழுகாம இருக்கேன், தேதி இதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, அம்மா இல்லை, நீங்க வந்துடுங்கப்பா என்று சொன்னாய். நான் சரிம்மா என்றேன். நீ சொன்னது காதில் விழுந்தது, அதோடு சரி.

நேரம் ஒதுக்குகிற அலுவலகத்தில் காலண்டர் அம்மா என்று ஒருத்தர் இருக்கிறார், யாருக்கு எந்த நாள் என்பது அந்தம்மா கையில்தான். கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, சார் மறந்துட்டீங்களா என்று எனக்குத் தனியாகக் கேட்டு எழுதியிருந்தார். எல்லா நாளும் எனக்கு ஒன்றுதான் என்று பதில் போட்டிருக்கிறேன். வேறு யாரோ எழுதினது இல்லை, நானேதான். இந்தத் தடவை கிடைத்துவிட்டது. துறையில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், சின்ன டாக்டர் இனிப்பு வாங்கி வந்து கொடுத்தாள், நான் அதைச் சட்டைப் பையில் போட்டு மறந்து, துணியோடு மெஷினில் சுற்றி, சட்டை பாழ். அன்றைக்கு உனக்கு நல்ல சேதி சொல்கிறோம் என்று நினைத்துத்தான் போன் பண்ணினேன். நீ எந்தத் தேதிப்பா என்று கேட்டாய். நான் சொன்னேன். டாக்டர் உனக்குச் சொன்ன நாளும் அதே வாரம்தான். அப்புறம் நீ சொன்னது மட்டும் எனக்கு அப்படியே நின்றுவிட்டது. "சரிப்பா. அம்மா இருந்தா வந்திருப்பாங்க. நீங்க வேலையைப் பாருங்க." கோபமாகக்கூட நீ சொல்லவில்லை. நான் சரிம்மா என்று வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.

மறுநாள் காலண்டர் அம்மாவிடம் கேட்டேன். மூன்று வழிதான் என்றார். நேரத்தைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும், அடுத்த விண்ணப்பத்திலும் அது பேச்சுக்கு வரும். வேறு குழு ஒத்துக்கொண்டால் நாளை மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் விண்ணப்பத்தில் பேர் இருக்கிற இன்னொருவருக்குத் தலைமையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் முதல் நாள் தலைவர் நேரில் நின்று பாதுகாப்புக்குப் பொறுப்பேற்காமல் அறைக் கதவையே திறக்க மாட்டார்கள். கொடுத்துவிட்டால் அப்புறம் அது அவர் பரிசோதனை. அந்தக் காகிதத்தை அன்றே அனுப்பிவைத்தார். சின்ன டாக்டருக்கு எல்லாம் தெரியும், குமிழி வராமல் சிமெண்ட் குழைக்க என்னைவிட அவளுக்குக் கை நிதானம். ஒரு கையெழுத்துதான். நான் போடவில்லை. நாள் ஓடுகிறது, காகிதம் மேசையில் காபி டம்ளருக்குக் கீழே கிடக்கிறது. அவளே ஒரு நாள் எதிரில் வந்து உட்கார்ந்து, சார், உங்களுக்கு மகளைப் பார்க்கப் போகணும்னு இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க என்று கேட்டாள். நாள் மாற்றிப் பார்க்கிறேன் என்று சொல்லி மழுப்பிவிட்டேன்.

நாள் மாற்ற மீசைக்காரரைக் கேட்டேன். அவரைத் தெரியுமே, இன்னொரு குழுவுக்குத் தலைவர், மீசையை எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது, பேர் போகவில்லை. அவர் நேரம் என் நேரத்துக்கு முன்னால் இருக்கிறது. வருஷக்கணக்காக நானும் அவரும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்கிறவர்கள், நான் நாலு வார்த்தை பேசுவதற்குள், யோவ், பொண்ணு பிரசவத்தை விடவாய்யா, எடுத்துக்கய்யா என்று சொல்லிவிட்டார். நானும் நன்றி சொன்னேன். இரண்டு நாள் கழித்துக் காலண்டர் அம்மா கூப்பிட்டு, சார், அவர் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டார், அவர் பார்க்கிறது விதை முளைக்கிறதை, அவர் நாளுக்குச் சரியா வர்ற மாதிரி ஏற்கனவே ஊற வெச்சாச்சு, மாத்தினா எல்லாம் வீணாப்போகும் என்றார். அந்த மனுஷன் எனக்காக அதை விழுங்கிக்கொண்டு சரி என்றிருக்கிறார். உடனே அவருக்குப் போன் பண்ணி வேண்டாம்யா, என் நாளே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சொல்லி வைத்தேன் பார், அப்போது எனக்கு அப்பாடா என்று இருந்தது. அம்மா போன பிறகு எனக்கு ஏதாவது ஒன்று தோன்றியது என்றால் அதுதான் முதல். உன்னிடம் வர வேண்டியதில்லை என்றதும் அப்பாடா.

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வரும்போது புரிந்தது. பயம், வாலு. வேலைமேல் ஆசை என்று நீ நினைத்திருப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன், சிமெண்ட்மேல் எனக்கு இப்போது ஆசையும் இல்லை ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ என் தோளில் விழுந்து அழுதாய், எப்படித் தாங்குறார் பாருங்க என்று வந்தவர்கள் சொன்னார்கள். நான் எதையும் தாங்கவில்லை, தாங்குகிற மாதிரி எதுவும் என்னிடம் வரவே இல்லை. போகப் போகச் சரியாகும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார், நானும் சரியாகட்டும் என்று இருக்கிறேன். இப்போது உன் பிள்ளையைத் துணியில் சுற்றி என் கையில் கொடுப்பாய். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றாவிட்டால் என்ன செய்வது? அதற்கு மேல் எதற்காகக் காத்திருப்பது? அந்தப் பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் என்னிடம் யாரும் எதுவும் எதிர்பார்க்க மாட்டார்கள். அதற்குத்தான் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. உன் அத்தையிடம் சொல்லிவிடாதே, கிளம்பி வந்துவிடுவாள்.

நேற்றுக் காலையில் போனதும் முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சின்ன டாக்டர் அதை வாங்கிக்கொண்டு மூக்கைத் துடைத்தாள். மூன்று தடவை கேட்டு நாலாம் தடவை கிடைத்தது, நான் இல்லாமல் நடக்கும். வருத்தமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், தெரியவில்லை. டிக்கெட் போட்டாயிற்று, நீ சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துவிடுவேன், எந்த விமானம் என்று மாப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறேன். வந்து என்ன செய்வேன் என்று கேட்டால், பிரசவத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாட்டில் கழுவுவேன், துணி துவைப்பேன், உனக்குப் பத்தியச் சாப்பாடு எப்படி என்று அத்தை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வருகிறேன், ஆய்வுக்கூடத்து ஆள், அளவு தப்பாது. மாப்பிள்ளை தூங்கட்டும், அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நடக்க என்னால் முடியும், நீ பிறந்தபோது நடந்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் தடவை பிள்ளையை என் கையில் கொடுக்கிறபோது என் முகத்தைப் பார்க்காதே. மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. போட்டோ எல்லாம் வேண்டாம். பார்த்துவிட்டு, அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று உனக்கு மனசு விட்டுப்போகக் கூடாது, பெற்ற உடம்புக்கு அது ஆகாது. கொடுத்துவிட்டுக் கண்ணை மூடித் தூங்கு. எனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாது, கீழே விட மாட்டேன் என்பது மட்டும் தெரியும்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசி. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே, உடம்பில் ஒட்டாது. மேல் அலமாரியில் எது இருந்தாலும் ஸ்டூல் போட்டு ஏறாதே, நான் வந்து எடுத்துக் கொடுக்கிறேன்.

அம்மாவுக்கும் சேர்த்து ஆசி சொல்கிற,
உன் அப்பா