கண்ணனுக்குப் பால் ஆகாது

ஐப்பசி 4, வியாழன்

காலையிலிருந்து தூறல். நான் இருக்கும் எஸ்.டி.டி. பூத்தில் கூட்டமில்லை. சோயா ஊறப்போட்டாயிற்று. நாளைக்குத் தோல் நீக்கி, அரைத்து, துணியில் வடித்து, நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். பச்சை வாடை போகாவிட்டால் கண்ணன் துப்பிவிடுவான்.

அவனுக்கு அரைஞாண் கயிறு இறுகிவிட்டது. அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன். போன தீபாவளிக்கு இடுப்பில் நிற்காமல் நழுவிய அதே கயிறு. மாட்டுப்பால் குடித்தால் தடிப்பு, வாந்தி. டாக்டர் பாலை நிறுத்தி, சோயாப்பால், முட்டை, பருப்பு என்று சொன்ன பிறகுதான் பிள்ளைக்குச் சதை பிடித்தது. கண்ணுக்கு நேரே தெரிகிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

போன் பேச வந்த தீப்பெட்டிக் கம்பெனி அண்ணாச்சி: "ஆம்பளப் பிள்ளைக்கு சோயாவா குடுக்கிய? மீசை முளைக்காதுன்னு சொல்லுதாவளே!" ரெண்டரை வயதில் யாருக்கு மீசை? டாக்டரிடம் இதையும் கேட்டாயிற்று. பிள்ளை சாப்பிடுகிற அளவுக்கு ஒன்றும் ஆகாது, சோயா மட்டுமே தராமல் எல்லாம் கலந்து கொடுங்கள் என்றார். அண்ணாச்சியிடம் சொன்னால் சிரிக்கிறார்.

ஐப்பசி 7, ஞாயிறு

இடைசெவல், மாமனார் வீடு. மழை விட்டது, கரிசல் விடவில்லை. ரோட்டிலிருந்து வீடு சேர்வதற்குள் செருப்பில் ஆளுக்கு ஒரு படி மண்.

ஆட்டுக்காரக் குடும்பம். ஆண் பிள்ளை பிறந்தால் அவன் பேரில் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை விடுவார்கள், காதில் ஒரு வெட்டு வைத்து. வளர்ந்து ஈன்றால் பால் அவனுக்கு. கண்ணனுடைய ஆடு இப்போதுதான் ஈன்றிருக்கிறது. எல்லாருக்கும் அதே பேச்சு.

இவருடைய அக்கா, எனக்கு மைனி, என் பையிலிருந்த சோயாப்பால் பாட்டிலைப் பார்த்து முகம் சுளித்தார். "பேரு கண்ணன், பாலு ஆகாதாம்! ஆட்டுக்காரன் வீட்டுப் பிள்ளைக்குப் பயறுத் தண்ணியா?"

"டாக்டர் சொல்லியிருக்காரு மைனி."

மாமா, இவருடைய அப்பா, கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐப்பசி 8, திங்கள்



நான் துணி காயப்போட்ட நேரம். மைனி கண்ணனுக்கு அரை தம்ளர் ஆட்டுப்பால். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தது. இவர் பைக்கை எடுத்தார், மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரம் சுற்றவில்லை. மாமா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். ஒரு லாரியை மறித்து, கோவில்பட்டி ஆஸ்பத்திரி. ஊசி. பிழைத்தான்.

வராந்தாவில் மைனி: "மாட்டுப்பாலுதான ஆகாதுன்னாவ? நான் குடுத்தது ஆட்டுப்பாலுல்லா! எல்லாம் அந்த சோயா பண்ணுன வேலை."

இவர்களுக்கு ஆடு வேறு, மாடு வேறு. பிள்ளை உடம்புக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று ஊசி போட்ட டாக்டர் படித்துப்படித்துச் சொன்னார். மைனி காதில் வாங்கவே இல்லை. "எம்பிள்ளையக் கொல்லப் பாத்தியளே" என்று கத்திவிட்டேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

ஐப்பசி 11, வியாழன்

வெயில். பூத்தில் பில் மெஷின் ரிப்பேர். வாங்க வேண்டியது: உப்பு, சோயா, கண்ணனுக்குத் தீபாவளிச் சட்டை.

இவர் சொல்கிறார்: "அக்காகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு. பாசத்துலதான குடுத்தா." பாசமாம்! கொடுத்தவர் அழுதால் வீடே ஆறுதல் சொல்கிறது. மூச்சுக்குத் திணறியவனின் அம்மா மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்க மாட்டேன்.

தீபாவளி

மறுபடி ஊர். எண்ணெய்க் குளியல், இட்லி, கறி. மைனியும் நானும் பேசவில்லை. இவர் என்னைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

மத்தியானம் மைனி கண்ணன் முன்னால் உட்கார்ந்தார். கையில் தம்ளர். "நல்லாக் காய்ச்சுனதுய்யா. ஒன் ஆட்டுப் பாலு. நல்ல நாளும் அதுவுமா ஒரே ஒரு வாய்."

நான் எழுந்திருப்பதற்குள் கண்ணன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். "வேணாம் அத்தே. மூச்சு வராது."

இவர் தம்ளரைப் பிடுங்கி வாசலில் கொட்டினார். ஆட்டுக்காரன் வீட்டில், நல்ல நாளில், பாலைத் தரையில்.

மாமாதான் பேசினார். "அந்தப் பயறுப் பாலு இருக்கா தாயி? பிள்ளைக்கு ஊத்திக் குடு."

கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னும் கேட்டான்.