மடைச் சுவரில் எழுதிய விலாசம்

வல்லத்திராக்கோட்டை,
புரட்டாசி, ஞாயிறு.

அன்பு மகன் நிலவழகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் பிளெஸ்ஸியும் அந்தக் குளிருக்குப் பழகி நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்பு நலம், மனசுக்குத்தான் நலமில்லை. போனில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நீயும் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். முழுதும் படி.

மேலக்கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் வாய்க்கால் வழியாக நம் கண்மாய்க்கு வருமே, அந்த வாய்க்காலை வெளியூரிலிருந்து வந்து நிலம் வாங்கிய ஒருவர் மண்ணடித்துத் தூர்த்து பிளாட் போட்டுவிட்டார். இங்கே வாய்க்காலே கிடையாது என்று சாதிக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை கோர்ட்டில் விசாரணை. ஐப்பசி மழைக்குள் வாய்க்கால் திறக்காவிட்டால் நம் வயல் மட்டுமல்ல, ஊரில் யார் வயலிலும் நடவு கிடையாது. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி.

அரசாங்க இணையதளத்தில் நம் கண்மாய்க்கென்று ஒரு பக்கமும் வரைபடமும் இருந்ததே, அந்தத் தைரியத்தில்தான் இருந்தோம். அதை முதலில் பார்த்தபோது உன் அப்பா என்ன செய்தார்? படத்தை எடுத்து வைக்காமல், தளத்தின் விலாசத்தை மடைச் சுவரில் சிவப்புப் பெயிண்ட்டில் எழுதிவிட்டு, இனி நம் ரெக்கார்டை எவனும் அழிக்க முடியாது என்று ஊர்க் கூட்டத்தில் பேசிக் கைதட்டும் வாங்கினார். நானும்தான் தட்டினேன். இப்போது தளத்தைப் புதிதாக மாற்றுகிறார்களாம், பழைய பக்கங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. நம் பக்கம் போய்விட்டது. சுவரில் விலாசம் பளிச்சென்று இருக்கிறது, வீட்டைத்தான் காணோம்.

பிளெஸ்ஸி தன் சிநேகிதர்களோடு சேர்ந்து அரசுத் தளங்களை எடுத்துச் சேமிக்கிற தொண்டு வேலை செய்கிறாளே என்று அவளிடம் கேட்டோம். போன வருஷமே நம் பக்கத்தை எடுத்திருக்கிறார்கள். திறந்தால் எழுத்தெல்லாம் இருக்கிறது, வரைபடம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைக் கட்டம். மெசினு பக்கத்தத்தான் எடுக்கும் மாமா, நாம தொட்டாத்தான் தெறக்குற படத்த விட்டுரும் என்றாள். அப்பா அன்று சாப்பிடவே இல்லை.

நேற்று இ-சேவை மையம் வைத்திருக்கும் பிராங்க்ளின் துழாவிப் பார்த்ததில் மேலக்கண்மாய்ப் பக்கம் இன்னும் திறக்கிறது. அந்த வரைபடத்தில் வாய்க்கால் அங்கிருந்து புறப்பட்டு நம் கண்மாய் வரை வருகிறது, என் கண்ணால் பார்த்தேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு வக்கீல் ஆத்மநாதனிடம் ஓடினேன். இத நீங்களே வரைஞ்சீங்கம்பாங்க, எந்தத் தளத்துல எந்தத் தேதியில இருந்துச்சுன்னு வெளியாளு எடுத்து வச்சிருக்கணும், யாரு தெறந்தாலும் தெரியணும் என்கிறார். பிளெஸ்ஸி எடுத்தால் மருமகள்தானே என்பார்கள். அவள் கூட்டத்தில் வேறு யாராவது, மெஷினை நம்பாமல், படத்தைக் கையால் தொட்டுத் திறந்து, பெரிதாக்கி, தேதியோடு எடுக்கட்டும். எடுத்த பிறகு இன்னொரு போனில் திறந்து பார்க்கச் சொல். அந்தப் பக்கமும் எந்த நேரத்தில் போகுமோ, பிராங்க்ளினைத் திறந்து பார் திறந்து பார் என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன். திருமயம் வட்டாரக் கண்மாய்களில் எதற்கெல்லாம் படம் இருக்கிறது என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம், அவற்றையும் விடாதீர்கள். இந்த அவதி இன்னொரு ஊருக்கு வேண்டாம்.

இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பிளெஸ்ஸியை ராத்திரி கண் விழிக்கச் சொல்ல எனக்கு மனசில்லை, இந்த ஒரு தடவை மட்டும் விழித்திருந்து சிநேகிதர்களை எடுக்கவைக்கச் சொல். நீங்கள் நல்லா இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கு முன்னால் நின்று கேட்கிறேன். எடுத்து வைத்த இடத்தின் விலாசத்தை உடனே அனுப்பு, மறந்துவிடாதே. காலையில் அப்பா மடைச் சுவரில் பழைய எழுத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டு, பெயிண்ட் டப்பாவோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா சொர்ணவல்லி