உடைக்க நிறுத்திய கார்

அம்மா,

இதைப் பிளானோவில் ஒரு கார்க் கடையில், இன்னும் வாங்காத காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கடையில் கொடுத்த விளம்பரத் தாளின் பின்பக்கம்தான் காகிதம். டெக்சாஸ் வெயிலில் நின்ற வண்டி. கதவைத் திறந்ததும் புது வினைல் வாசனை முகத்தில் அடித்தது. வேலை முடிந்து நீ வீட்டுக்கு வரும்போது உன்மேல் வீசும் வாசனை. குளித்தாலும் போகாது. என்னை அறியாமல் சீட்டின் தையல்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினேன். எந்தக் காரில் ஏறினாலும் நீ முதலில் செய்வது அதுதான்.

"உங்க ஹஸ்பண்டையோ அப்பாவையோ கூட்டிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார் விற்பனையாளர். எனக்கு வேலை இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, நம் வீட்டின் முதல் பட்டமும் இருக்கிறது. கணவர் இல்லை, அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. இதைச் சொல்ல வழக்கம்போல் வாய் வரவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை. விற்பனையாளர் மேனேஜரை அழைத்துவரப் போயிருக்கிறார்.

நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் நாம் இருந்த அந்தக் கோடை நினைவுக்கு வந்தது. ஜப்பான் கார்கள் அமோகமாக விற்றன. அமெரிக்கக் கார்களுக்கு நீ சீட் கவர் தைத்த தொழிற்சாலையில் ஒரு ஷிஃப்ட்டையே நிறுத்திவிட்டார்கள். அடுத்து யாருக்கு வேலை போகும் என்பதுதான் எல்லோர் வாயிலும். தொழிலாளர் பிக்னிக்கில் பழைய ஜப்பான் கார் ஒன்றைப் புல்வெளியில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு சம்மட்டியை வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஓர் அடி. கண்ணாடி உடைந்தால் கைதட்டல்.

உன் முறை வந்தது. நீ தைத்த கவர்களை சீட்டில் மாட்டும் ஜோ சம்மட்டியை நீட்டினார். "வாங்க சிஸ்டர், நீங்க எங்க பக்கமா அவங்க பக்கமான்னு பாத்துடலாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வேறு யாரிடமும் அதைக் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஆசிய முகம் நம் இருவருக்குத்தான்.

நீ சம்மட்டியை வாங்கவில்லை. காரின் கதவைத் திறந்தாய். கண்ணாடித் துண்டுகளைக் கையிலிருந்த காகிதத் தட்டால் தள்ளிவிட்டு, தையலில் நகத்தை ஓட்டிப் பார்த்து, உள்ளே உட்கார்ந்தாய். உன் உடைந்த ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னாய்: "இதத் தைச்சவளும் என்ன மாதிரி ஒருத்திதான். நல்லாவே தைச்சிருக்கா. இப்ப அடிங்க."

கைதட்டல் நின்றது. "உன் ஊருக்கே போ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்க ஊரு எடிசன்தான். பிக்னிக் முடிஞ்சதும் போவேன்."

நான் கையில் சிப்ஸ் தட்டோடு ஜன்னலருகே ஓடி வந்தேன். "எறங்கும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஷிஃப்ட்ட நிறுத்தினவன் மாடி ஆபீஸ்ல உக்காந்திருக்கான். அவன் கதவத் தட்ட இதுல ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல."

"வேலைய விட்டுத் தூக்கிடுவாங்கம்மா."

"அடிச்சா மட்டும் வெச்சுப்பாங்களா? நீ ஏன் வெயில்ல நிக்கற? உள்ள வா."

யாரிடமும் நேரம் கேட்கக்கூடக் கூச்சப்படுகிற நான், அத்தனை பேர் முன்னால் காரைச் சுற்றி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ என் தட்டிலிருந்து ஒரு சிப்ஸை எடுத்து நிதானமாகத் தின்றாய். ஜோ சம்மட்டியைப் புல்லில் போட்டுவிட்டு நகர்ந்தார். அதற்குப் பிறகு அன்று யாரும் அடிக்கவில்லை.

தொழிற்சாலையில் அப்புறம் உன்னோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. "மேஜ முழுக்க எனக்கே" என்று தயிர்சாத டப்பாவையும் ஊறுகாயையும் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டாயாம். அடுத்த வருடம் தொழிற்சாலையையே மூடினார்கள். உனக்கும் வேலை போனது, ஜோவுக்கும் போனது. அந்தக் காரில் விழுந்த ஓர் அடிகூட ஒருவருடைய வேலையையும் காப்பாற்றவில்லை. அதை நீ யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. நான் சொல்வேன் அம்மா. எங்கே கேட்டாலும் சொல்வேன்.

போன குளிர்காலத்தில் நீ போய்விட்டாய். உன் வாய் எனக்கு வரவில்லை. ஆனால் உன்னைப்போல் இறங்காமல் உட்காரத் தெரிகிறது.

அதோ, மேனேஜரும் விற்பனையாளருமாக இரண்டு பேர் வருகிறார்கள். கண்ணாடியை இறக்கிவிட்டேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். தையல் நன்றாக இருக்கிறது அம்மா. நான் இறங்கப் போவதில்லை.