இடது பக்க ஸ்பீக்கரைக் கொடுத்துடாதீங்க

அப்பா, அந்த இடது பக்க ஸ்பீக்கர் பாவம்ப்பா, அது மேல ஒரு குத்தமும் இல்ல. பதினோரு மணிக்குக் கடைக்காரர் எடுத்துட்டுப் போக வருவார், கொடுத்துடாதீங்க.

நேத்து "இடது பக்கம் ஊமையா இருக்கு, பாத்து வாங்கத் தெரியாதா உனக்கு"ன்னு கத்தினீங்கல்ல? காலைல நீங்க குளிக்கப் போனப்போ அலமாரில ரெண்டையும் இடம் மாத்தி வச்சேன். வந்து கேட்டுட்டு, மறுபடியும் இடது பக்கம்தான் மோசம்னீங்க. நேத்து நீங்க ஆகா ஓகோன்னு புகழ்ந்த ஸ்பீக்கர்தான்ப்பா அது.

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு, உங்க நாற்காலியத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காந்து அதே பாட்டைக் கேளுங்க. அப்பவும் இடது காதுப் பக்கம்தான் மெதுவா இருந்தா, திருப்பிக் கொடுக்க வேண்டியது ஸ்பீக்கரை இல்ல, உங்க காதைத்தான்.

இடம் பத்தல, ஓரத்துல எழுதுறேன். சண்டைக்கு இல்லப்பா. நான் கூப்பிட்டு நீங்க திரும்பாதப்பல்லாம் எம்மேல கோவம்னு நெனச்சிட்டிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கிருக்கேன், நானும் வரேன். உக்காந்து பாத்துட்டு உடனே போன் பண்ணுங்க, எந்தப் பக்கம்ப்பா மெதுவா கேக்குது?