ஏழு சமம் ஏழு

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேலேயே மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நீங்கள் போட்ட கணக்கைப் பார்த்தேன். முதல் சமன்பாட்டிலிருந்து y-இன் மதிப்பை எடுத்து, திரும்பவும் முதல் சமன்பாட்டிலேயே போட்டிருக்கிறீர்கள். ஏழு சமம் ஏழு என்று வராமல் வேறென்ன வரும்? அதற்குப் பெரிய டிக் வேறு! இரண்டாவதில் போட்டால்தான் விடை கிடைக்கும்.

நேற்று வீடு மாற்றும் பேச்சிலும் இதே கதைதான். “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்று கேட்டது நீங்கள். “சம்மதம்தான், சம்மதம்தான்” என்று தலையாட்டியதும் நீங்களே. அப்புறம் நான் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன் என்று ஆச்சரியம்!

பாப்பா வருவதற்குள் அந்த டிக்கை அழித்துவிடுங்கள், மானம் போகும்.

பி.கு.: இரண்டாவது சமன்பாடு ஆறு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வரும். டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.