கிளியின் கழுத்தைத் திருகியவன்

அன்புத் தங்கச்சி எஸ்தர்,

உன் நாவலின் கடைசி அத்தியாயத்தை வெட்டி எறிந்தவன் நான். அந்த இடத்தில் ஒரு வரியை நானே எழுதி, உன் பெயரில் அச்சடித்தேன். நீ உயிரோடு இருந்தவரை அதைத் தப்பென்று ஒப்புக்கொள்ளவில்லை.

பழைய கதையில் ஏழு மலைக்கு அப்பால் ஒரு கிளி, அதற்குள் அரக்கனின் உயிர். அரசகுமாரன் கிளியைக் கொல்வான், கதை முடியும். நீ அதைப் பிள்ளைகளுக்காக மேலே நீட்டினாய். கிளி தப்பித்து ராதாபுரத்துப் பனங்காட்டுக்குப் பறந்து வந்தது, செல்லி என்ற சிறுமியின் கையில் சேர்ந்தது. பிறகு அவள் என்ன செய்தாள் என்பதற்கு மூன்று பக்கம்.

அந்த மூன்று பக்கம்தான் இடித்தது. அச்சுக் கணக்கில் பதினாறு பக்கம் ஒரு பாரம். ஆறு பாரம் நிறைந்து மூன்று பக்கம் மிஞ்சியது. ஏழாவது பாரம் போட்டால் பதின்மூன்று பக்கம் சும்மா கிடக்கும். ஆறாம் வகுப்போடு நின்று, எழுத்துக் கோத்தே தமிழ் படித்தவன் நான். வெறும் பக்கம் எனக்கு அவமானம். இதை உன்னிடம் சொன்னேன். சொல்லாதது ஒன்று உண்டு. செல்லி கிளியை அரக்கனிடமே கொடுத்தாள் என்று கண்டதும் கோபம் வந்தது. அதற்குமேல் நான் படிக்கவே இல்லை. ‘செல்லி கிளியின் கழுத்தைத் திருகினாள், அரக்கன் செத்தான்’ என்று எழுதி முடித்தேன்.

புத்தகத்தைப் புரட்டிவிட்டு நீ கேட்டாய்: “என்னண்ணே, செல்லியக் கொலகாரியா ஆக்கிட்டீயளே?”

“அரக்கன்னா சாவணும்ட்டி. மூணு பக்கத்துக்கு ஒரு பாரமா?”

நீ சண்டை போட்டிருக்கலாம். “காப்பி குடிக்கீயளா?” என்றாய். அதற்கு இன்றும் உன்மேல் கோபம்தான்.

போன வாரம் உன் மாணவி மேரி, அவள் அம்மாவோடு பாளையங்கோட்டை அச்சகத்துக்கு வந்தாள்.

“தாத்தா, புக்குல முடிவு தப்பா இருக்கு.”

“எந்தக் கழுத சொல்லுச்சு?”

“ஒங்க தங்கச்சிதான். டீச்சர் கடைசிப் பக்கத்தப் படிக்கவே மாட்டாவ. புக்க மூடிட்டு வாயாலதான் சொல்லுவாவ.”

அவள் அம்மா பதறி மகளின் வாயைப் பொத்தினாள்.

கையெழுத்துப் படியைத் தேடினேன். அச்சானதும் பழைய பேப்பரோடு கட்டி எடைக்குப் போட்டுவிடுவது அச்சகத்து வழக்கம். அண்ணனை நம்பி ஒரே படியைத் தந்திருக்கிறாய். அந்தப் பக்கங்கள் எந்தக் கடையில் எதைப் பொதிந்தனவோ? கிளியை வாங்கிய அரக்கன் என்ன செய்தான், எஸ்தர்? அழுதான் என்கிறாள் மேரி. சிரித்தான் என்கிறாளாம் அவள் தோழி.

அரக்கன் சாக வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் கதை உன்னுடையது. திங்கட்கிழமை உன் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதுவேன், ஒரு சொல்லும் திருத்த மாட்டேன். மேரி எல்லோரையும் கூட்டிவைக்க வேண்டும். உன் வீட்டுக்காரர் பீரோவைத் திறந்து உன் நோட்டுகளைப் பார்க்க வேண்டும். ஒரு வருடமாக அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது போதும். புத்தகம் வைத்திருப்பவர்கள் கடைசி வரியை அடித்துவிடட்டும். ஏழாவது பாரத்தை நானே ஓட்டுவேன். மிஞ்சுகிற பக்கங்களை வெறுமையாகவே விடுவேன்.

உன் பிடிவாதக்கார அண்ணன்