மணிக்கயிறு

முல்லைத்தீவு
6.5.1961

அன்புள்ள தம்பி கிறிஸ்தோப்பருக்கு,

பட்டாளத்தில் சேர்ந்ததும் பேனையையும் அவர்களிடமே கொடுத்துவிட்டாயா? மூன்று மாதமாக ஒரு வரி இல்லை. அப்பு சுகமாகக் கடலுக்குப் போய்வருகிறார். அம்மாவுக்குத்தான் மூச்சிழுப்பு கூடிவிட்டது.

இங்கே பள்ளிக்கூடத்தில் ஆமி வந்து இருக்கிறது. விடிந்த பிறகுதான் வள்ளம் இறக்கலாம். கோயில் மணியும் அடிக்கக் கூடாதாம். அடித்து ஊரைக் கூட்டிவிடுவோமாம். கோயில் கதவில் தமிழில் நோட்டீஸ் ஒட்டி, மணிக்கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டு போனார்கள். வேறு கயிறு கட்டினால் கட்டுகிறவரைப் பிடித்து அடைப்பார்களாம். இப்போது அதில் வொலிபோல் வலை கட்டியிருக்கிறார்கள்.

சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைத் தைலம் பூசப் பங்குச் சுவாமியார் வந்தால் மணி அடிப்பதும், கடலில் நிற்பவர்கள் அதைக் கேட்டுக் கரைக்கு வருவதும் உனக்குத் தெரியும். அம்மாவுக்கு அந்த ஒரு பயம்தான். "மணி இல்லாட்டி அப்புவுக்கு ஆர் சொல்லுறது? அந்த மனுசன்ர கையால ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் நான் போவன்" என்கிறா. நீ உள்ளே இருப்பவன். பெரியவர்களிடம் சொல்லி அந்தக் கயிற்றை வாங்கித் தா.

உன் அக்கா
யூலிற்றா

புளியங்குளம்
15.5.1961

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்க வேண்டாம். கந்தோரில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், மூச்சுவிட நேரமில்லை. அந்த நோட்டீஸும் நான் எழுதியதுதான். என் கையெழுத்தை மறந்துவிட்டீர்களே! தமிழ் வாசிக்கத் தெரியாத கப்டனே பார்த்துவிட்டு முதுகில் தட்டினார்.

கயிற்று விஷயம் கேட்கிறேன். ஆனால் அடுத்த மாதம் எனக்குக் கோப்ரல் பதவிப் பட்டி வரவிருக்கிறது. இந்த நேரம் ஊருக்காக வாய் திறந்தால் "இவனும் அவங்கட ஆள்தான்" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். அம்மாவுக்கு இரண்டு ரின் மாப்பால் அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி
கிறிஸ்தோப்பர்

முல்லைத்தீவு
29.5.1961

தம்பிக்கு,

கேட்டாயா? சுவாமியார் ஆமிக் காம்புக்குப் போய்க் கெஞ்சினார். மேலிடமான உங்கள் கந்தோரிலிருந்து கடிதம் வந்தால் தருவார்களாம். அந்தக் கடிதத்தை எழுதுகிற கை உன் கைதானே?

மாப்பாலை அம்மா தொடவில்லை. "பெடியன் லீவில வந்தால் தேத்தண்ணிக்கு வேணும்" என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறா.

அக்கா

புளியங்குளம்
5.6.1961

அக்காவுக்கு,

இன்னும் கேட்கவில்லை. பட்டி வந்ததும் முதல் வேலை அதுதான். ஒரு மணிதானே அக்கா.

கிறிஸ்தோப்பர்

முல்லைத்தீவு
20.6.1961

கிறிஸ்தோப்பர்,

அம்மா வெள்ளிக்கிழமை போய்விட்டா. வேண்டுமென்றேதான் தந்தி அடிக்கவில்லை.

காலையில் அப்பு கடலுக்குப் போன கையோடு அம்மாவுக்கு மூச்சுத் திணறத் தொடங்கியது. சுவாமியார் வந்து அவஸ்தை பூசினார். கரையில் ஒரு வள்ளமும் இல்லை. வெள்ளைச் சேலையைக் கம்பில் கட்டி நின்று ஆட்டினேன். அதை ஒருவரும் காணவில்லை. மணி அடித்திருந்தால் கேட்கிற தூரத்தில்தான் எல்லாரும் நின்றார்கள்.

"மணி அடிக்கேல்லையோ பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தா. நான் கொடுத்த தண்ணீருக்கு வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் வரை அப்புவுக்காக உயிரைப் பிடித்து வைத்திருந்தா. அப்பு பின்னேரம் வந்தார். அம்மாவுக்குச் சொதி வைக்க ஒரு விளைமீனைத் தனியாக ஓலையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது. நோட்டீஸ் எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாது. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், "என்ர மகன் இந்தக் காம்பில இருந்திருந்தா கயித்தை வாங்கித் தந்திருப்பான்" என்று சொல்லி அழுகிறார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருவதென்றால், வந்து அவரிடம் நீயே சொல். சொல்ல முடியாதென்றால் வராதே. நான் சொல்லமாட்டேன். அவருக்காவது ஒரு மகன் இருக்கட்டும்.

யூலிற்றா